ஆறு கூலிக்காரர்களின் ஊர்

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட மாலைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். நாற்று நட்ட காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெண்களையும் பார்க்கிறேன். களைத்துப்போன உங்களிடம் நீண்ட பிரசங்கம் செய்ய எனக்கு மனமில்லை. ஆகவே ஒன்று செய்வோம். இன்று மாலை நாம் எல்லோருமாகச் சேர்ந்து ஓர் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம். டிக்கெட் வேண்டாம், கட்டுச்சோறு வேண்டாம். காலையில் ஆலைச் சங்கு ஊதுவதற்குள் திரும்பிவிடலாம்.

ஊர் இங்கிலாந்தில் இருக்கிறது. பெயர் டால்படில்.

"இங்கிலீஷ்காரன் ஊரைப் பார்த்து நமக்கு என்ன ஆகப்போகிறது?" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுக்கிறார். நியாயமான கேள்விதான், ஐயா. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரைச் சுற்றி முடித்தபிறகு நீங்களே அதற்குப் பதில் சொல்லுங்கள்.

லண்டனில் வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் டார்செஸ்டர் என்ற பட்டணம் வந்துவிடும். டார்செட் மாவட்டத்தின் தலைநகரம் அது. அங்கிருந்து கிழக்கே ஏழு மைல் போனால் டால்படில். பிடில் என்று ஒரு சிற்றாறு ஓடுகிறது. அதன் கரையில் சில நூறு பேர் வாழும் சின்னக் கிராமம். மண்சுவர் வைத்து வைக்கோல் வேய்ந்த வீடுகள் அங்கே இன்னும் உண்டு. இங்கிலாந்து என்றதும் வெறும் புகைபோக்கியும் மாடமாளிகையும்தான் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. மண்சுவரும் கூரையும் கூலிக்காரனும் அங்கேயும் இருந்தார்கள்.

இங்கிலாந்துக் கிராமங்களைப் பார்க்க உலகெங்கிருந்தும் ஜனங்கள் போகிறார்கள். பெரும்பாலான ஊர்களில் என்ன காட்டுவார்கள்? பிரபுவின் மாளிகை, பிரபுவின் தோட்டம், பிரபுவின் மூதாதையர் படுத்திருக்கும் பளிங்குக் கல்லறை. அவற்றைப் பார்த்துவிட்டு டீக்கடையில் ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். ஆனால் டால்படிலுக்குப் போகிறவர்கள் பார்க்கப் போவது வேறு. ஆறு விவசாயக் கூலிகள் உட்கார்ந்து பேசிய மரம், அவர்கள் கூடிய வீடு, அவர்களில் ஒருவரின் சமாதி, இவற்றைத்தான் பார்க்கப் போகிறார்கள். இந்த அதிசயம் எப்படி நடந்தது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மரத்தடியில்

முதலில் ஊர்ப் பொதுப் புல்வெளிக்கு வருவோம். நம் ஊர் மந்தை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பெரிய மரம் நிற்கிறது. சிக்கமோர் என்பது அதன் ஜாதி. சுமார் 1680-ல் முளைத்த மரம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடிமரம் உள்ளே கூடாகிவிட்டது. ஆனாலும் ஆண்டுதோறும் தழைக்கிறது. பக்கத்தில் 1934-ல் கட்டிய ஒரு நிழற்குடில் இருக்கிறது. வந்தவர்கள் அதில் உட்கார்ந்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த மரத்தடியில்தான், ஏறக்குறைய 190 ஆண்டுகளுக்கு முன்னால், வேலை முடிந்த மாலையில் கூலிக்காரர்கள் கூடினார்கள். என்ன பேசினார்கள்? நீங்களும் நானும் என்ன பேசுவோமோ அதையேதான். கூலி!

அக்கம்பக்கத்து ஜில்லாக்களில் அப்போது விவசாயக் கூலி வாரத்துக்கு 10 ஷில்லிங். டால்படிலில் கொடுத்தது 9. கேட்டுப் பார்த்தார்கள். ஊர்ப் பாதிரியார் முன்னிலையில் பண்ணைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள்: "ஒழுங்காக வேலை செய்யுங்கள், மற்ற இடத்தில் கொடுக்கிற கூலியை நாங்களும் கொடுக்கிறோம்." பாதிரியார், "இதற்கு நான் சாட்சி" என்றாராம். கூலிக்காரர்கள் நம்பிப் போனார்கள். பிறகு நடந்தது என்ன? கூலி 8 ஷில்லிங் ஆயிற்று. அப்புறம் 7 ஆயிற்று. அடுத்து 6 ஆகப்போகிறது என்ற பேச்சும் வந்தது. பாதிரியாரிடம் போய்க் கேட்டதற்கு, தான் அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்று கைவிரித்துவிட்டார். மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். "இவ்வளவு கூலி கொடு என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தச் சட்டம் கிடையாது. முதலாளி என்ன கொடுக்கிறாரோ அதற்குத்தான் வேலை செய்ய வேண்டும்" என்று பதில் வந்தது.

இதையெல்லாம் எழுதிவைத்தவர் ஜார்ஜ் லவ்லெஸ். ஏர் பிடித்து உழுகிற கூலிக்காரர். வாரத்தில் ஆறு நாள் உழவு. ஏழாம் நாள் மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம். தானாகவே படித்து அறிவை வளர்த்துக்கொண்டவர். வாக்குறுதியை நம்பி ஒருமுறை ஏமாந்த பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: தனித்தனியாக நின்று கெஞ்சினால் 6 ஷில்லிங்தான், சேர்ந்து நின்றால்தான் கூலி.

1833-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சங்கம் பிறந்தது. விவசாயத் தொழிலாளர் நட்புச் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். சேரும்போது ஒரு ஷில்லிங். அப்புறம் வாரம் ஒரு பென்னி சந்தா.

மாடி அறையில்

மரத்தடியை விட்டுத் தெருவில் கொஞ்சம் நடப்போம். தாமஸ் ஸ்டாண்ட்பீல்ட் வாழ்ந்த வீடு இன்னும் நிற்கிறது. இப்போது அதில் குடித்தனம் இருக்கிறது. உள்ளே போகக் கூடாது. வெளியே நின்றே பார்ப்போம். இந்த வீட்டு மாடி அறையில்தான் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் சத்தியம் செய்தார்கள். 1833 டிசம்பர் 9-ந் தேதி இரவு அப்படி ஒரு கூட்டம் நடந்தது. வருகிறவர் கண்ணைத் துணியால் கட்டி, மண்டியிட வைத்து, சத்தியப் பிரமாணத்தைப் படிப்பார்கள். கட்டை அவிழ்த்ததும் சுவரில் மனித எலும்புக்கூட்டின் படம் தெரியும். சங்க ரகசியத்தை வெளியிடாதே, உன் முடிவை நினைத்துக்கொள் என்பது அதற்குப் பொருள். அந்தக் காலத்தில் பல சங்கங்களில் இருந்த சடங்குதான் இது. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும், வீடும் போகும் என்ற நிலையில், ரகசியம்தான் ஏழைக்குக் கோட்டைச் சுவர்.

அன்று இரவு வந்தவர்களில் ஒருவன் பிற்பாடு எல்லாவற்றையும் அதிகாரிகளிடம் போய்ச் சொன்னான். எந்தச் சங்கத்தின் சரித்திரத்தில்தான் அப்படி ஒருவன் இல்லை!

அங்கேயே ஊருக்குள் 1818-ல் கட்டிய பழைய மெதடிஸ்ட் சபைக் கூடம் இருக்கிறது. அதுவும் மண்சுவர்க் கட்டடம்தான். லவ்லெஸ் சகோதரர்கள் அங்கே தொழுதவர்கள். பின்னாளில் அது வெறும் களஞ்சியமாக மாறிப் பாழாகிக் கிடந்தது. 2015-ல் ஓர் அறக்கட்டளை அதை வாங்கிப் பழுதுபார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டது.

டார்செஸ்டர் கோர்ட்டில்

இனி டால்படிலிலிருந்து டார்செஸ்டருக்குத் திரும்பி நடக்க வேண்டும். ஏழு மைல். அந்த ஆறு பேரும் அப்படித்தான் நடந்து போனார்கள். 1834 பிப்ரவரி 24-ந் தேதி விடியற்காலையில், வேலைக்குப் புறப்பட்ட லவ்லெஸை வழியிலேயே கான்ஸ்டபிள் பிடித்தார். ஜார்ஜ் லவ்லெஸ், அவர் தம்பி ஜேம்ஸ் லவ்லெஸ், அவர்களுடைய மைத்துனர் தாமஸ் ஸ்டாண்ட்பீல்ட், அவர் மகன் ஜான் ஸ்டாண்ட்பீல்ட், ஜேம்ஸ் பிரைன், ஜேம்ஸ் ஹாம்மெட். ஆறு பேர். சங்கத்தில் சேர்ந்தால் ஏழு வருஷம் நாடுகடத்தப்படுவாய் என்று ஊரில் நோட்டீஸ் ஒட்டிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. குற்றம் என்று சொன்ன காரியமோ அதற்கு முந்திய டிசம்பரில் நடந்தது!

இந்த ஆறாவது ஆளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜேம்ஸ் ஹாம்மெட் அன்று இரவு அந்தக் கூட்டத்துக்கே போகவில்லை என்றும், போனவர் அவருடைய சகோதரர்தான் என்றும் சொல்லப்படுகிறது. "நான் இல்லை, அவன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஹாம்மெட் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் வாய் திறக்கவில்லை. அவரை மறந்துவிடாதீர்கள், மறுபடியும் சந்திப்போம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சங்கம் அமைப்பது இங்கிலாந்தில் அப்போது குற்றமே அல்ல! சங்கங்களைத் தடைசெய்த சட்டம் 1824-லேயே ரத்தாகிவிட்டது. பின் எதற்காகப் பிடித்தார்கள்? கடற்படையில் கலகம் நடந்தபோது, 1797-ல், மாலுமிகளை அடக்குவதற்காகச் சட்டவிரோத சத்தியப் பிரமாணத் தடைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டத்தைத் தேடி எடுத்து ஏர் பிடிக்கிறவன் தலையில் போட்டார்கள். கூலி கேட்டாய் என்று சொல்லித் தண்டிக்க முடியாது. ஆகவே சத்தியம் செய்தாய் என்று தண்டித்தார்கள்.

இதற்கெல்லாம் முன்நின்றவர் ஜேம்ஸ் பிராம்ப்டன் என்ற மாஜிஸ்திரேட். மோர்ட்டன் என்ற பக்கத்து ஊரின் பெரிய நிலப்பிரபு. 1830-ல் தென் இங்கிலாந்து முழுவதும் பட்டினிக் கூலிகள் கிளர்ந்தெழுந்து கதிரடிக்கும் யந்திரங்களை உடைத்தார்கள். அந்தப் பயம் பிரபுக்களை விட்டுப் போகவில்லை. பிராம்ப்டன் உள்துறை மந்திரி மெல்போர்ன் பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். வழக்கு விசாரணைக்கு உரியதுதானா என்று முடிவு செய்த பெரிய ஜூரியில் அதே பிராம்ப்டன் உட்கார்ந்திருந்தார். அந்த ஜூரிக்குத் தலைவர் யார் தெரியுமா? மெல்போர்ன் பிரபுவின் மைத்துனர்! நியாயம் எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டுமா?

1834 மார்ச் மாதம் தீர்ப்பு வந்தது. ஆறு பேருக்கும் ஏழு வருஷம் நாடுகடத்தல்.

அந்தக் கோர்ட்டு அப்படியே இருக்கிறது. டார்செஸ்டரில் ஷயர் ஹால் என்ற கட்டடம், 1797-ல் கட்டியது. 2018 முதல் அது மியூசியம். கீழே இருட்டான கைதி அறைகள். அங்கிருந்து படியேறினால் நேரே கைதிக் கூண்டு. எதிரே உயரத்தில் நீதிபதியின் ஆசனம். பார்க்க வந்தவர் அந்தக் கூண்டில் நின்று பார்க்கலாம். பார்க்க வந்தவர் தாமே இறங்கி வெளியே போய்விடலாம். அந்த ஆறு பேரும் அதிலிருந்து இறங்கியது கப்பலுக்குப் போக.

கடல் கடந்து

ஐந்து பேரை ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்பினார்கள். நோயில் விழுந்த ஜார்ஜ் லவ்லெஸைப் பின்னால் வேறொரு கப்பலில், இன்று டாஸ்மேனியா என்று சொல்கிற தீவுக்கு அனுப்பினார்கள். மாதக்கணக்கில் கடல் பிரயாணம். போன இடத்தில் பண்ணைகளுக்கு அவர்களை அடிமைபோல் பங்கிட்டுக் கொடுத்தார்கள். ஊரில் இருந்த பெண்டு பிள்ளைகளின் கதி? ஏழைகளுக்கு ஊர் நிதியிலிருந்து கொடுக்கிற உதவியைக்கூடக் கொடுக்க மறுத்தார் பிராம்ப்டன். சங்கம் வைக்கத் தெரிந்தவன் குடும்பம் சங்கத்திடமே சோறு கேட்கட்டும் என்பதுதான் அவர் நினைப்பு.

அப்படியே ஆயிற்று! சங்கங்கள்தான் சோறு போட்டன. லண்டனில் தொழிலாளர்கள் கமிட்டி அமைத்துக் காசு வசூலித்து அந்தக் குடும்பங்களைக் காப்பாற்றினார்கள். 1834 ஏப்ரல் 21-ந் தேதி லண்டனில் கோபன்ஹேகன் மைதானத்தில் பல்லாயிரம் தொழிலாளர் கூடி, கொடிகளுடன் அணிவகுத்து மந்திரியின் ஆபீசுக்குப் போனார்கள். விண்ணப்பத்தில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகள் இருந்தன என்று சொல்லப்படுகிறது. இத்தனை பேர் கூட்டமாக வந்து கொடுத்தால் வாங்கமாட்டேன் என்றார் மெல்போர்ன். தொழிலாளர் விடவில்லை. ஊர் ஊராகக் கூட்டம், விண்ணப்பம். பார்லிமெண்டில் தாமஸ் வாக்லி என்ற அங்கத்தினர் விடாமல் பேசினார். 1836 மார்ச்சில் சர்க்கார் பணிந்தது. ஆறு பேருக்கும் பூரண மன்னிப்பு!

மன்னிப்பு! யார் யாரை மன்னிப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் வந்த வெற்றியை வெற்றி என்றே சொல்வோம். ஜார்ஜ் லவ்லெஸ் 1837-ல் திரும்பினார். நான்கு பேர் 1838-ல் திரும்பினார்கள். ஹாம்மெட் 1839-ல்தான் வந்து சேர்ந்தார். விடுதலை உத்தரவு பிறந்து மூன்று வருஷம் கழித்து!

ஜார்ஜ் லவ்லெஸ் வந்ததும் நடந்ததையெல்லாம் ஒரு சிறு பிரசுரமாக எழுதினார். பாதிரியார் கைவிரித்த கதை நமக்குத் தெரிவது அதனால்தான். ஏழை எழுதிவைக்காவிட்டால் அவன் கதையைப் பிரபுதான் எழுதுவான்.

ஒரு சமாதி

ஆறு பேரில் ஐந்து பேர் சில ஆண்டுகள் எஸ்ஸெக்ஸ் ஜில்லாவில் பயிரிட்டுவிட்டு, குடும்பத்தோடு கனடாவுக்குக் குடியேறிப் போய்விட்டார்கள். சொந்த ஊருக்கே திரும்பியவர் ஒருவர்தான். யார்? வாய் திறக்காத ஜேம்ஸ் ஹாம்மெட். கட்டட வேலைக் கூலியாகவே காலம் தள்ளினார். 1875-ல் விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தி ஒரு கடிகாரம் பரிசளித்தார்கள். 1891-ல் டார்செஸ்டரில், போக்கிடமில்லாத ஏழைகளைச் சேர்க்கும் விடுதியில் அவர் கண்ணை மூடினார்.

டால்படில் தேவாலயத்துப் புல்தரையில் அவர் சமாதி இருக்கிறது. 1934-ல், எரிக் கில் என்ற பேர்போன சிற்பி செதுக்கிய கல்லை அதன் தலைமாட்டில் நட்டார்கள். எளிமையான கல். அதன் அடியில் பூவைக்கத்தான் ஜனங்கள் போகிறார்கள்.

அதே 1934-ம் ஆண்டு, அந்தச் சம்பவத்தின் நூற்றாண்டு. பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரஸ் அந்த ஊரில் ஆறு வீடுகள் கட்டியது. வயது முதிர்ந்து வேலையை விட்ட விவசாயச் சங்கத் தொழிலாளர் குடியிருக்க அந்த வீடுகள். ஆறு வீட்டுக்கும் அந்த ஆறு பேரின் பெயர். நடுவே இருக்கும் கூடம்தான் மியூசியம். உள்ளே போகக் கட்டணம் இல்லை. பிரபுவின் மாளிகைக்கு டிக்கெட் வாங்க வேண்டும். கூலிக்காரன் கூடத்துக்கு வேண்டாம். கவனித்தீர்களா? சிலையை மட்டும் வைத்துவிட்டுப் போகவில்லை. இருக்கிற ஏழைக்கு வீடு கட்டி, நடுவிலே நினைவை வைத்தார்கள்.

சுற்றுவட்டாரம்

வந்தது வந்தோம், அக்கம்பக்கத்தையும் பார்ப்போம். மேற்கே இரண்டு மைலில் ஆதல்ஹாம்டன் மாளிகை. 1485-ல் எழும்பத் தொடங்கியது. மரச் சிற்ப வேலை செய்த பெரிய மண்டபம், கூம்புகூம்பாக வெட்டிவிட்ட மரங்கள் நிற்கும் தோட்டம். அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். செதுக்கிய தச்சனின் கை அதில் தெரிகிறது. பார்க்கும்போது அந்தக் கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கே மோர்ட்டன். பிராம்ப்டனின் ஊர். அந்தத் தேவாலயத்தில் 1940-ல் ஜெர்மன் குண்டு விழுந்து ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. பிறகு லாரன்ஸ் விஸ்லர் என்ற கலைஞர், வெறும் கண்ணாடியில் கோடு கீறியே புதிய ஜன்னல்களைச் செய்தார். வெயில் பட்டால் அந்தச் சித்திரங்கள் ஒளிரும். அரேபியா லாரன்ஸ் என்று பெயர்பெற்றவரின் சமாதியும் அவ்வூரில்தான். மோட்டார் சைக்கிள் விபத்தில் 1935-ல் இறந்தவர். அவர் வசித்த குடிசை வீடு கிளவுட்ஸ் ஹில் பக்கத்திலேயே இருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரத்தில் போவிங்டன் என்ற இடத்தில் போர் டாங்கிகளின் மியூசியம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு, கொடுமைக்கு ஆளான குரங்குகளை மீட்டு வளர்க்கும் பெரிய பூங்காவும் உண்டு.

டார்செஸ்டர் பக்கமாக ஒரு காட்டோரத்தில் வைக்கோல் கூரை வீடு ஒன்று நிற்கிறது. 1840-ல் தாமஸ் ஹார்டி என்ற பெரிய நாவலாசிரியர் பிறந்த வீடு அது. தகப்பனார் கொத்து வேலைக்காரர். அந்த ஜில்லா விவசாயக் கூலிகளின் வாழ்க்கையைப் பற்றி 1883-ல் ஹார்டி ஒரு கட்டுரையே எழுதினார். 1891-ல் வந்த அவருடைய 'டெஸ்' நாவலில், கதிரடிக்கும் யந்திரத்துக்கு ஈடுகொடுத்துக் கட்டுக்களை அவிழ்த்துப் போட்டு ஓய்ந்துபோகிற ஒரு பெண் வருகிறாள். யந்திரத்தின் வேகத்துக்குக் கை ஓட வேண்டும் என்றால் என்ன என்பதை ஸ்பின்னிங்கில் நிற்கிற நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இந்த இடங்களுக்கெல்லாம் நடந்தே போகலாம். வயல் நடுவே, பிரபுவின் நிலத்தின் ஊடாகக்கூட, சட்டம் காக்கும் பொதுநடைபாதைகள் அங்கே உண்டு. இந்த நடக்கும் உரிமையும் எல்லா இடத்திலும் சும்மா வரவில்லை. வடக்கே கிண்டர் மேட்டில் பிரபுக்கள் வேட்டைக்காக மலையையே பூட்டி வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24-ந் தேதி மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளி வாலிபர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு மலையேறினார்கள். ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். அதற்கப்புறம்தான் 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது.

அதுமட்டுமா? ஊர் சுற்றிப் பார்க்க முதலில் ஓய்வு வேண்டுமே! இங்கிலாந்துப் பஞ்சாலைகளில் சனிக்கிழமை பகல் 2 மணிக்கு வேலையை நிறுத்த வேண்டும் என்று சட்டம் வந்தது 1850-ல். சம்பளத்தோடு விடுமுறைக்குச் சட்டம் வந்தது 1938-ல். இடைப்பட்ட காலத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 88 வருஷம். ஒரு தொழிலாளி தன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு மாளிகையையும் மலையையும் பார்க்கிறான் என்றால், அந்த ஒரு நாளுக்குப் பின்னால் அத்தனை பேருடைய போராட்டம் இருக்கிறது.

ஜூலை மாதத் திருவிழா

ஊரைப் பார்க்கச் சிறந்த நாள் எது? ஜூலை மாதம் மூன்றாவது வாரக் கடைசி. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் திருவிழா. ஆயிரக்கணக்கில் வந்து வயல்வெளியில் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். பாட்டு, நாடகம், விவாதக் கூட்டங்கள், குழந்தைகளுக்கு விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை ஹாம்மெட்டின் சமாதியில் மலர்வளையம் வைப்பார்கள். பிறகு ஊர்வலம். பேண்டு வாத்தியம் முழங்க, ஒவ்வொரு சங்கமும் தன் பட்டுக் கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தெருவழியே வரும். ரயில் தொழிலாளர், ஆசிரியர், நர்சுகள், தீயணைப்புத் தொழிலாளர், எல்லோரும் வருவார்கள். சில நூறு பேர் ஊரில் அன்று எள் போட்டால் எள் விழாது. பிராம்ப்டன் ஆளனுப்பி நோட்டீஸ் ஒட்டிய அதே ஊர்!

நமக்கு என்ன?

இப்போது பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நமக்கு என்ன?

1918-ல் சென்னையில் பஞ்சாலைத் தொழிலாளர் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைத்தார்கள். 1920-ல் தகராறு முற்றியபோது பின்னி கம்பெனி நிர்வாகம் சங்கத் தலைவர் வாடியா மேலும் மற்றவர்கள் மேலும் ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. குற்றம் என்ன? வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார்கள் என்பது. கோர்ட்டும் தடையுத்தரவு போட்டது. பாருங்கள், அங்கே மாலுமிகளுக்குச் செய்த சட்டத்தை உழவன் மேல் வீசினார்கள். இங்கே ஒப்பந்தச் சட்டத்தைச் சங்கத்தின் மேல் வீசினார்கள். கூலி கேட்டதற்கு என்று எவனும் தண்டிப்பதில்லை. காரணம் எப்போதும் வேறு ஒன்றாக இருக்கும். அதன் பிறகுதான் என். எம். ஜோஷி 1921-ல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. டால்படில் தெருவும் நம் ஆலை வாசலும் ஒரே பாதையில் இருக்கின்றன, ஐயா.

இன்னொன்றும் சொல்கிறேன். இதைக் கேட்டு, அங்கே எல்லாம் வென்றாகிவிட்டது, இனி திருவிழாதான் பாக்கி என்று நினைத்துவிடாதீர்கள். விவசாயக் கூலியை நிர்ணயிக்கச் சட்டப்படி ஒரு கூலி வாரியம் இங்கிலாந்தில் பல காலமாக இருந்தது. 2013-ல் அதை அங்கே ஒழித்துவிட்டார்கள். மரம் நிற்கிறது, சமாதி இருக்கிறது, மியூசியம் இருக்கிறது. கூலி வாரியம் போய்விட்டது! ஆகவேதான் அந்த ஊர்வலத்தில் வருகிறவர்கள் வெறும் வேடிக்கை பார்க்க வருவதில்லை. பழையதை நினைக்கிற சாக்கில் இன்றைய கணக்கையும் பேச வருகிறார்கள்.

கடைசியாக ஒன்று கேட்டுவிட்டு முடிக்கிறேன். ஆறு கூலிக்காரர்களின் பெயர் 190 வருஷத்துக்குப் பிறகும் கல்லிலும் வீட்டு வாசலிலும் இருக்கிறது. சர்க்கார் அதைச் செய்யவில்லை, பிரபுக்கள் செய்யவில்லை. சந்தா கொடுத்த சங்கத்தார் செய்தார்கள். நம் கதை என்ன? உங்கள் ஆலைச் சங்கத்தின் முதல் ரசீதை வாங்கியவர் யார்? உங்கள் கிராமத்தில் முதன்முதல் கூலி உயர்வு கேட்டு எழுந்து நின்றவர் யார்? எந்த மரத்தடியில் கூடினார்கள்? மரம் இருக்கிறதா, வெட்டியாகிவிட்டதா? அந்தப் பாட்டன்மார், பாட்டிமாரில் சிலர் இன்னும் உங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். காது மந்தமாகியிருக்கலாம், நினைவு மந்தமாகவில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள். அங்கேயிருந்து நாம் அடுத்த ஊரைச் சுற்றிப் பார்க்கப் புறப்படலாம். அது நம் ஊராக இருக்கட்டும்.